கண்டதும் கேட்டதும்: 'மூன்ஸ்டோன்' புதினமும் வாசகர் தீர்ப்பும்

முன்னுரை

துப்பறியும் கதை படிப்பது பொழுதைக் கொல்லும் செயல் என்னும் எண்ணம் நம் இல்லங்களிலும் கல்விக்கூடங்களிலும் இன்றும் நிலவி வருகின்றது. அக்கதையில் காதலும் கலந்து, நகைச்சுவையும் சேர்ந்துவிட்டால், அதனைப் பாட நூலின் நடுவே மறைத்து வைத்துப் படிக்க வேண்டிய நிலை மாணவர்க்கு ஏற்படுகின்றது. தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பறியும் புதினங்களைப் படைத்தளித்தனர். அவற்றை ஆயிரக்கணக்கானோர் விரும்பிப் படித்தனர். ஆயினும் திறனாய்வு உலகம் நெடுநாள் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. விரும்பிப் படித்தவர் கருத்து ஒரு பக்கம். மதிப்பிட வந்தவர் கருத்து மறு பக்கம். இவ்விரண்டனுள் எதனை ஏற்பது என்பது இலக்கிய மாணவன் எதிர்கொள்ள வேண்டிய வினாவாகும்.

இவ்வினாவை ஆராய்வதற்கு ஆங்கிலத்தில் தோன்றிய ஒரு புதினம் பெரிதும் துணை செய்கின்றது. வில்கி காலின்ஸ் (1824-1889) எழுதி 1868-இல் வெளிவந்த 'தி மூன்ஸ்டோன்' என்பதே அது. காதலும் நகைச்சுவையும் துப்பறிதலும் ஒருங்கே அமைந்த அப்புதினத்தைப் பற்றி ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக வாசகர் கருத்துரைத்து வருகின்றனர். அக்கருத்துகளைத் தொகுத்து நோக்கி, அவற்றை எடைபோடும் முறை யாது என்பதனைக் காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அக்கதையின் வேர் நம் அண்டை மண்ணாகிய சீரங்கப்பட்டணத்தில் ஊன்றியிருப்பது, நாம் அதனைக் கற்பதற்கு மற்றுமொரு காரணமாகின்றது.

கதைப் பின்னல்

1799 மே 4 அன்று ஆங்கிலேயப் படை சீரங்கப்பட்டணத்துக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தது. திப்பு சுல்தான் போர்க்களத்தில் வீழ்ந்தார். இது வரலாறு. அன்று நடந்த கொள்ளையின்போது ஜான் ஹெர்ன்கேஸ்டில் என்னும் ஆங்கிலேய அதிகாரி, அரண்மனைப் படைக்கலக் கொட்டிலில் காவல் நின்றோரைக் கொன்று, ஒரு குத்துவாளின் பிடியில் பதித்திருந்த மஞ்சள் வைரத்தைக் கவர்ந்தான் என்பது காலின்ஸின் கற்பனை. சந்திரக் கடவுளுக்கு உரியதாகக் கருதப்பட்டமையால் அவ்வைரம் 'மூன்ஸ்டோன்' எனப் பெயர் பெறுகின்றது. அதனை மீட்க மூன்று அந்தணர் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்கின்றனர்.

ஹெர்ன்கேஸ்டில் இறக்கும்பொழுது அவ்வைரத்தைத் தன் தங்கை மகள் ரேச்சல் வெரிண்டருக்கு எழுதி வைக்கிறான். தாய்மாமன் தந்த சீர் போலத் தோன்றும் அது, தன்னை வீட்டுக்குள் சேர்க்காத தங்கையைப் பழிவாங்க அவன் அனுப்பிய தீங்கோ என்னும் ஐயமும் உடன் எழுகின்றது. 1848 ஜூன் 21 அன்று ரேச்சலின் பதினெட்டாம் பிறந்தநாள். அன்று அவள் கைக்கு வந்த வைரம் அன்றிரவே காணாமற் போகின்றது. உள்ளூர்க் காவல் அதிகாரி வந்து குழப்புகிறார். பின்னர் லண்டனிலிருந்து சார்ஜண்ட் கஃப் என்னும் புகழ்பெற்ற துப்பறிவாளர் வருகிறார். ரேச்சலோ விசாரணைக்கு உடன்பட மறுக்கிறாள். தான் நேசித்த ஃபிராங்க்ளின் பிளேக்கைக் காணவும் மறுக்கிறாள். ஓராண்டு கழிந்த பின்னரே உண்மை வெளிப்படுகின்றது.

பிறந்தநாள் விருந்தில் மருத்துவத்தை இகழ்ந்து பேசிய ஃபிராங்க்ளினுக்குப் பாடம் புகட்ட எண்ணி, கேண்டி என்னும் மருத்துவர் அவன் அறியாமல் அவன் பானத்தில் அபின் மருந்தைக் கலக்கச் செய்திருந்தார். அம்மயக்கத்தில், வைரத்தைக் காக்க வேண்டும் என்னும் கவலையால் உந்தப்பட்டு, அவனே அதனை எடுத்து விடுகிறான். காலையில் அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. அவன் கையிலிருந்து அதனைப் பெற்றுக் கொண்டு மறைத்தவன், அறச்செயல்களுக்குப் பேர்பெற்ற காட்ஃப்ரி ஏபிள்வைட் என்னும் மற்றோர் உறவினன். ரேச்சல் ஃபிராங்க்ளின் எடுத்ததைத் தன் கண்ணாலேயே கண்டாள்; அவன்மீது கொண்ட அன்பினால் வாய் திறவாதிருந்தாள்.

இக்கதை ஒருவர் வாயிலாகக் கூறப்படவில்லை. முதிய பணியாளர் கேப்ரியல் பெட்டரெட்ஜ், உறவினளாகிய துருசில்லா கிளாக், வழக்கறிஞர் பிரஃப், ஃபிராங்க்ளின், மருத்துவ உதவியாளர் எஸ்ரா ஜென்னிங்ஸ், கஃப் முதலியோர் தாம் தாம் அறிந்த பகுதியை மட்டும் எழுதித் தருகின்றனர். தாம் நேரில் அறியாததனை எவரும் கூறலாகாது என்பதே நூலினுள் வகுக்கப்பட்ட விதி. காலின்ஸ் சட்டம் பயின்று 1851-இல் வழக்கறிஞராகத் தகுதி பெற்றவர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. நீதிமன்றத்தில் சாட்சிகள் ஒருவர்பின் ஒருவராக நிற்பது போலவே அவர் தம் கதைமாந்தரை நிறுத்துகிறார். நீதிபதியின் இருக்கையில் வாசகர் அமர்கிறார்.

முதல் வாசகர்கள்

இப்புதினம் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' என்னும் வார இதழில் 1868 ஜனவரி முதல் ஆகஸ்டு வரை 32 வாரங்கள் தொடராக வந்தது. நூல் வடிவில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டவர் வில்லியம் டின்ஸ்லி. 1900-இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் அவர் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். இதழ் வெளிவரும் நாளில் வெலிங்டன் தெருவிலிருந்த அலுவலகத்தின் முன் மக்கள் கூட்டம் காத்து நின்றதாம். சுமை தூக்குவோரும் ஏவலாட்களும்கூட முதுகுச் சுமையோடு நின்றவாறே இதழைப் படித்தனராம். வைரம் இறுதியில் எங்கே கிடைக்கும் என்று பந்தயமும் கட்டினராம்.

இதனை ஒரு வாசகர் கருத்தாகவே கொள்ளல் வேண்டும். அவ்வெளிய மக்கள் மதிப்புரை எழுதவில்லை; ஆயினும் சுமையை இறக்கி வைக்கவும் பொறுமையின்றி நின்று படித்த நிலையே அவர்தம் மதிப்புரை எனலாம். எழுத்தில் பதிவாகாத கருத்தும் கருத்தே என்பதனை ஆய்வு மாணவர் மறத்தலாகாது.

நூல் வெளிவந்ததும் மதிப்புரைகள் எழுந்தன. 1868 ஜூலை 25 நாளிட்ட 'அதீனியம்' இதழில் ஜெரால்டைன் ஜூஸ்பரி என்னும் பெண் எழுத்தாளர் பெயர் குறிப்பிடாமல் எழுதிய மதிப்புரை சிறப்பு வாய்ந்தது. கடும்பசியில் உண்பவன் சமையலின் நுட்பத்தைச் சுவைப்பதில்லை. அதுபோல முதன்முறை படிப்பவர் முடிவை நோக்கியே விரைவர். ஆதலின் படித்து முடித்தபின் மீண்டும் முதலிலிருந்து படிக்க வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். திருடன் யார் எனத் தெரிந்த பின்னும் ஒரு துப்பறியும் கதையைப் படிக்க முடியும் என்றால், அக்கதையில் மர்மத்தினும் மேலான ஒன்று உண்டு என்பதே அதன் பொருள்.

எல்லாரும் அவ்வாறு போற்றவில்லை. நியூயார்க்கில் வெளிவந்த 'தி நேஷன்' இதழ், பொத்தானைக் கைக்குள் ஒளித்து 'யாரிடம் இருக்கிறது?' என வினவும் குழந்தைகள் விளையாட்டோடு காலின்ஸின் கதைகளை ஒப்பிட்டது. நம் சிறுவர் மணலில் குச்சியை ஒளித்து ஆடும் 'கிச்சுக் கிச்சுத் தாம்பாளம்' போன்றதே அவ்விளையாட்டு. ஆந்தனி டிரொலோப் என்னும் புகழ்பெற்ற புதின ஆசிரியர், 1883-இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில், காலின்ஸின் கதைகளில் கட்டுமானத்தின் நெடி ஒருபோதும் தம்மை விட்டு அகலுவதில்லை எனக் குறைப்பட்டுக் கொண்டார்.

டிக்கன்ஸ் கூறிய இரு கருத்துகள்

வாசகர் கருத்தை எடைபோடும் மாணவர்க்கு டிக்கன்ஸின் கூற்று நல்லதொரு பாடமாகும். 1867 ஜூன் மாதம், தொடக்கப் பகுதிகளைப் படித்த நிலையில், இது விந்தையும் இல்லற இயல்பும் கலந்த சிறந்த கதை என அவர் தம் துணையாசிரியருக்கு எழுதினார். 1868 ஜூலை மாதம், தொடர் முடியுந் தறுவாயில், அவருக்கே எழுதிய மற்றொரு மடலில், இதன் கட்டமைப்பு பொறுக்க முடியாத சலிப்பைத் தருகின்றது என்றும், இதில் உள்ள ஒருவகைச் செருக்கு வாசகரைப் பகைவராக்கும் என்றும் குறிப்பிட்டார்.

ஒரே மனிதர், ஒரே நூல், ஓராண்டு இடைவெளியில் முரண்பட்ட இரு தீர்ப்புகள். இவற்றுள் எது உண்மை? முதற்கருத்து நூல் முழுமையும் எழுதப்படுமுன் தோன்றியது. இரண்டாம் கருத்து, காலின்ஸின் தம்பி டிக்கன்ஸின் மகளை மணந்து, அத்திருமணத்தால் டிக்கன்ஸுக்கு நிறைவின்மை இருந்த காலத்தில் தோன்றியது. இரண்டும் தனிமடல்களில் எழுதப்பட்டவை. பொதுமக்களுக்காக எழுதப்பட்டவை அல்ல. எனவே கருத்தை மட்டும் நோக்காது, கூறியவர் யார், எப்பொழுது கூறினார், யாரிடம் கூறினார், நூலை எவ்வளவு படித்துவிட்டுக் கூறினார் என்னும் நான்கனையும் சேர்த்தே நோக்க வேண்டும். இந்நான்கும் இல்லாத மேற்கோள், பெயரளவில் மேற்கோளே தவிர, சான்று ஆகாது.

இருபதாம் நூற்றாண்டின் மதிப்பீடு

1927-இல் கவிஞர் டி.எஸ். எலியட், காலின்ஸையும் டிக்கன்ஸையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரையில், ஆங்கிலத் துப்பறியும் புதினங்களுள் இதுவே முதலாவதும் மிக நீண்டதும் மிகச் சிறந்ததும் ஆகும் எனப் பாராட்டினார். அக்கூற்று இன்றுவரை நூலின் பின்னட்டைகளில் இடம்பெற்று வருகின்றது. துப்பறியும் கதை எழுதுவதில் வல்லவரான டாரதி சேயர்ஸ் 1928-இல் தாம் தொகுத்த சிறுகதைத் திரட்டின் முன்னுரையில் இதனினும் உயர்ந்த துப்பறியும் கதை இல்லை என்னும் பொருள்படப் புகழ்ந்தார்.

எலியட்டின் கூற்றில் 'முதலாவது' என்னும் சொல் ஆராயத்தக்கது. எட்கர் ஆலன் போ 1841-லேயே துப்பறியும் சிறுகதை எழுதிவிட்டார். ஆங்கிலப் புதினம் என்று கொண்டாலும், 'தி நாட்டிங் ஹில் மிஸ்டரி' என்னும் தொடர் 1862-63-இல் வெளிவந்துள்ளது. எனவே 'முதலாவது' என்பதனை அப்படியே ஏற்க இயலாது. ஆனால் எலியட் கூறிய மற்றொரு கருத்து ஆழமானது. பிற்காலக் கதைகளில் வரும் துப்பறிவாளர் பிழையே செய்யாத பொறிகளாக உள்ளனர். கஃப் அறிவுக் கூர்மை உடையவராயினும் பிழை செய்யும் மனிதராகவே உள்ளார் என்பதே அது. உண்மையில் கஃப், தன் கடனை அடைக்கத் தன் வைரத்தைத் தானே ரேச்சல் மறைத்தாள் என்று தவறாக முடிவு செய்கிறார். பின்னர் அத்தவற்றினை ஒப்புக் கொள்கிறார். ரோசாச் செடி வளர்ப்பதில் அவருக்குள்ள பேரார்வமும், தோட்டக்காரரோடு அவர் புரியும் வாதமும் வாசகரை அவர்பால் ஈர்க்கின்றன.

பெயர் பெற்றவர் சொன்னார் என்பதற்காக முழுமையும் ஏற்பதோ, ஒரு சொல் பிழைபட்டது என்பதற்காக முழுமையும் தள்ளுவதோ திறனாய்வு ஆகாது. எலியட்டின் ஒரே கட்டுரையில் திருத்த வேண்டிய சொல்லும் உண்டு. போற்ற வேண்டிய கருத்தும் உண்டு.

நகையும் உவகையும் மருட்கையும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுகிறார். அவற்றுள் நகை, உவகை, மருட்கை ஆகிய மூன்றும் இப்புதினத்தில் ஓங்கி நிற்கின்றன. இவை தனித்தனி அணிகலன்களாகப் பூட்டப்பட்டவையா, ஒன்றை ஒன்று தாங்கி நிற்பவையா என்பதே கேள்வி.

நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் வகுத்துள்ளார். பெட்டரெட்ஜ், வீட்டு வேலைக்காரிக்குக் கூலி கொடுப்பதினும் அவளை மணந்து கொள்வது சிக்கனம் என்று கணக்கிட்டு மணந்து கொண்டவர். 'ராபின்சன் குரூசோ' நூலில் எதிர்காலம் பற்றிய குறிப்புகள் எல்லாம் உள்ளன என நம்பி ஆறு படிகளைத் தேய்த்து முடித்தவர். இது பேதைமை பற்றிய நகை. கிளாக் அம்மையார் சமயத் துண்டு நூல்களைப் பிறர் வீட்டு நாற்காலியிலும் பெட்டியிலும் அவர் அறியாமல் செருகி வைத்துச் செல்பவர். அன்பு காட்ட வேண்டிய இடத்தில் அறிவுரை காட்டுபவர். இது எள்ளல் பற்றிய நகை. ஈண்டு காலின்ஸ் எள்ளுவது சமயத்தை அன்று. சமயத்தை முன்னிறுத்தித் தன்னைக் காட்டிக் கொள்ளும் பகட்டினையே என்பது தெளிவு.

இந்நகைச்சுவை எழுந்த சூழல் வியப்பிற்குரியது. இதனை எழுதும் காலத்தில் ஆசிரியரின் தாயார் மரணப் படுக்கையில் இருந்தார். ஆசிரியரோ கீல்வாத நோயால் எழுந்திருக்கவும் இயலாமல் படுத்திருந்தார். படுத்தவாறே சொல்லி எழுதுவித்ததாக 1871-ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் அவரே குறித்துள்ளார்.

நகை இக்கதையில் மற்றொரு பணியும் செய்கின்றது. ரோசன்னா என்னும் பணிப்பெண் முன்பு திருடித் தண்டனை பெற்றுத் திருந்தியவள், தோள் கோணியவள். அவள் ஃபிராங்க்ளினை விரும்புகிறாள் என்று தன் மகள் கூறக் கேட்ட பெட்டரெட்ஜ் விழுந்து விழுந்து சிரிக்கிறார். தந்தை இத்துணைக் கொடுமையாக நடந்ததை இதற்குமுன் கண்டதில்லை என மகள் கடிந்து கொள்கிறாள். வாசகரும் அதுவரை பெட்டரெட்ஜோடு சேர்ந்து சிரித்து வந்தவரே. பின்னர் ரோசன்னா புதைமணலில் தன் உயிரை மாய்த்துக் கொள்கிறாள். அவள் எழுதி வைத்த மடல் ஓராண்டு கழித்துக் கிடைக்கிறது. சிரிப்புக்குரியவள் என எண்ணப்பட்டவளே அனைவரினும் மிகுதியாக உண்மை அறிந்தவள் என்பது அப்பொழுது புலனாகின்றது. எவரைக் கண்டு நகைக்கிறோமோ அவரிடம் நாம் கேட்க வேண்டியதைக் கேளாமல் விட்டுவிடுகிறோம். நகை ஈண்டு உண்மையை மறைக்கும் திரையாக அமைந்தது.

காதலும் அவ்வாறே. ரேச்சலுக்குக் காதல் இல்லையெனில் மறுநாள் காலையிலேயே தான் கண்டதைக் கூறியிருப்பாள், கதையும் முடிந்திருக்கும். மர்மத்தைப் பூட்டி வைத்தது அவள் அன்பு. அதனைத் திறந்ததும் அன்பே. அவள் தன்னை வெறுப்பதற்குக் காரணம் அறிய வேண்டும் என்னும் ஏக்கமே ஃபிராங்க்ளினை மீண்டும் விசாரணைக்குத் தூண்டுகின்றது. எனவே காதலை நீக்கினால் துப்பறிதலும் இல்லை. இரண்டனையும் பிரித்து, காதல் பகுதி நன்று, துப்பறியும் பகுதி நீளம் என மதிப்பிடும் வாசகர், நூலின் அமைப்பைக் காணத் தவறியவரே ஆவர்.

கண்ணால் கண்டதும் பொய்

'கண்ணால் காண்பதும் பொய். காதால் கேட்பதும் பொய். தீர விசாரிப்பதே மெய்' என்பது நம் முன்னோர் பழமொழி. இப்பழமொழிக்கு எழுதப்பட்ட நீண்ட உரையே 'மூன்ஸ்டோன்' எனல் மிகையாகாது. ரேச்சல் கண்டது உண்மையே. ஆனால் அவள் கண்டதிலிருந்து கொண்ட முடிவு பொய். ஃபிராங்க்ளின் வைரத்தை எடுத்தான், ஆனால் திருடவில்லை.

அம்முடிச்சை அவிழ்ப்பவர் எஸ்ரா ஜென்னிங்ஸ். கலப்பினத்தவர், நோயாளி, ஊரார் அஞ்சி ஒதுக்கும் தோற்றம் உடையவர். காய்ச்சலில் பிதற்றிய மருத்துவர் கேண்டியின் துண்டு துண்டான சொற்களைக் குறித்துக் கொண்டு, இடைவெளிகளைப் பொருள் நோக்கி நிரப்புகிறார். செல்லரித்த ஏட்டுச் சுவடியில் விடுபட்ட சொற்களை முன்னும் பின்னும் நோக்கி உணரும் நம் பதிப்பாசிரியர்களின் பணிக்கு ஒப்பானது அது. அதனோடும் அவர் நிறைவடையவில்லை. பலர் முன்னிலையில் ஃபிராங்க்ளினுக்கு மீண்டும் அபின் கொடுத்துச் சோதித்துக் காட்டுகிறார். ஊகம், சோதனை, சாட்சி ஆகிய மூன்றும் கூடிய பின்னரே ஒருவன் குற்றமற்றவன் என நிறுவப்படுகின்றது. சிலம்பு காட்டும் வழக்கிலும் உண்மைத் திருடனாகிய பொற்கொல்லனே பிறன்மீது குற்றம் சுமத்தினான். அவன் சொல்லைத் தீர விசாரியாது ஏற்ற மன்னன் தன் உயிரையே இழந்தான். மாணவர் இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்துக் கற்பாராயின் விசாரணை என்னும் சொல்லின் பெருமை நன்கு விளங்கும்.

சாட்சி சொல்லாதவர்கள்

மேற்கூறிய வாசகருட் பெரும்பாலோர் 'வைரத்தை எடுத்தவர் யார்?' என்னும் ஒரே வினாவையே எழுப்பினர். அவ்வினாவிற்கு விடை ஃபிராங்க்ளின் அல்லது காட்ஃப்ரி என்பது. ஆனால் நூலின் முதற்பக்கங்களே வேறொரு விடையைத் தந்துவிட்டன. முதல் திருட்டு 1799-இல் நிகழ்ந்தது. ஹெர்ன்கேஸ்டிலின் கையில் குருதி சொட்டும் குத்துவாளைக் கண்ட அவன் உறவினர், அவன் கொன்றதைத் தம் கண்ணால் காணவில்லை ஆதலின் வழக்குத் தொடுக்க இயலாது என எழுதுகிறார். யார்க்ஷயர் வீட்டில் நிகழ்ந்த திருட்டிற்கு மூன்று முறை விசாரணை. சீரங்கப்பட்டணத்தில் நிகழ்ந்த கொலைக்கும் கொள்ளைக்கும் ஒரு விசாரணையும் இல்லை.

1799-ஆம் ஆண்டுக் கொள்ளை கற்பனை அன்று. கோட்டை வீழ்ந்த இரவில் வீரர்கள் நகரைச் சூறையாடியதும், ஒழுங்கை நிலைநாட்ட ஆர்தர் வெல்லெஸ்லி சிலரைத் தூக்கிலிட நேர்ந்ததும், எஞ்சிய செல்வம் படையினரிடையே பங்கிடப்பட்டதும் வரலாற்றில் பதிவானவை. திப்புவின் நூலகத்து நூல்களும், புலி வடிவ இசைப்பொறியும் ஆங்கிலேயர் கைக்குச் சென்றன. அப்பொறி இன்று லண்டனில் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. திப்புவின் மக்கள் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். 1806 எழுச்சிக்குப் பின் கல்கத்தாவிற்கு அனுப்பப்பட்டனர். கதை நிகழும் 1848-49 ஆண்டுகளிலேயே பஞ்சாப் இணைக்கப்பட்டு, கோகினூர் வைரம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. தம் முதற் பதிப்பின் முன்னுரையில் கோகினூரைப் பற்றிக் காலின்ஸே குறிப்பிடுகிறார்.

வைரத்தின் பழங்கதையில் கஜ்னி மஹ்மூது, அவுரங்கசீப் ஆகியோரின் காலங்களையும் அவர் இணைத்துள்ளார். அவ்வைரமும் அதன் பயணமும் புனைவே. அவற்றை வரலாறாகக் கொள்ளுதல் தவறு. ஆயின் நேர்மையாக நோக்கின், நூலாசிரியர் தம் இனத்தாரையும் அக்கவர்தல் வரிசையிலேயே நிறுத்தியுள்ளார் என்பது விளங்கும். 1857 எழுச்சிக்குப் பின் இங்கிலாந்தில் இந்தியர்மீது சினம் பொங்கியிருந்த காலத்திலும், 1858-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, இசுலாமிய மரபில் வழங்கும் நீதிக்கதை ஒன்றை எடுத்துக்காட்டி, சிப்பாய்களுக்கு உரைக்கத்தக்க நல்லறம் அவர்தம் மரபிலேயே உண்டு எனக் கூறியது.

வைரம் இறுதியில் தன் இடத்திற்கே திரும்பும் காட்சி வாசகர் கண்களில் நீரை வரவழைக்கும் என 1868-லேயே ஜூஸ்பரி எழுதினார். ஆனால் அவ்வுணர்வு ஆராய்ச்சியாக வளர நெடுங்காலம் ஆயிற்று. 1973-இல் ஜான் ரீட் என்னும் ஆய்வாளர், பேரரசின் ஒப்புக் கொள்ளப்படாத குற்றமே இந்நூலின் உண்மையான குற்றம் என்னும் கருத்தை முன்வைத்தார். அதன்பின் ஆய்வுகள் பெருகின. 1988-இல் டி.ஏ. மில்லர், இந்நூலில் பல குரல்கள் ஒலிப்பது போலத் தோன்றினும் அவை யாவும் ஒரே முடிவுக்கே வாசகரைச் செலுத்துகின்றன என வாதிட்டார்.

இவ்விரு கருத்துகளையும் இணைத்து நோக்கும்போது ஒன்று புலப்படுகின்றது. இத்தனை சாட்சிகளுள் ஓர் இந்தியரும் இல்லை. சாதியை இழந்து, கடல் கடந்து, ஆயுளைச் செலவிட்டு, கொலையும் புரிந்து, வைரத்தை மீட்ட மூவரும், இனி ஒருவரை ஒருவர் காணலாகாது என்னும் நோன்பேற்றுத் திசைக்கொருவராகப் பிரிந்து செல்கின்றனர். அக்காட்சியையும் ஓர் ஆங்கிலப் பயணியின் கண்வழியாகவே நாம் காண்கிறோம். ரோசன்னாவிற்காவது இறந்தபின் ஒரு மடல் பேச முடிந்தது. அவர்களுக்கு அதுவும் இல்லை. தாம் அறிந்ததை மட்டுமே கூற வேண்டும் என விதி வகுத்த நூல், மிகுதியாக அறிந்தவரைக் கூண்டில் ஏற்றவே இல்லை. இது நூலின் குறை எனலாம். அக்குறையைக் காணத்தக்க கண்ணாடியையும் அந்நூலே நமக்குத் தந்துள்ளது என்பது அதன் சிறப்பு.

நிறைவுரை

இதுவரை கண்டவற்றால் மாணவர் கொள்ளத்தக்க செய்திகள் சில. ஒரு நூலைப் பற்றிய கருத்துகளைத் தொகுக்கும்போது அவற்றைப் பாராட்டு, கண்டனம் என இரு குவியலாக்கி எண்ணிக்கை பார்ப்பது போதாது. ஒவ்வொரு கருத்தும் ஒரு சாட்சியம். வாரந்தோறும் காத்திருந்து படித்தவர், நூலாகப் படித்தவர், இருமுறை படித்தவர், பகையோடு படித்தவர், அடிமைப்பட்ட நாட்டின் பக்கம் நின்று படித்தவர் ஆகியோர் தத்தம் இடத்திலிருந்து தாம் கண்டதையே கூறினர். அவர்களைக் குறுக்கு விசாரணை செய்து, சொல்லாமல் விட்டது யாது என்றும், சொல்ல வாய்ப்பே பெறாதவர் யார் என்றும் வினவ வேண்டும். அதன் பின்னரே தீர்ப்பு.

கேளிக்கைக்காக எழுதப்பட்ட கதைகளைக் குறித்துக் கவலை கொள்ளும் பெற்றோர்க்கும் சான்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் துப்பறியும் கதை படிக்கக் கண்டால் பறித்து வைத்துவிட வேண்டா. முடித்த பின்னர் அருகழைத்து, 'யார் குற்றவாளி என்று எப்பொழுது எண்ணினாய்? எதனைக் கண்டு எண்ணினாய்? அவ்வெண்ணம் பிழையாயிற்றா?' என மூன்று வினாக்களைக் கேட்டுப் பாருங்கள். அயலார்மீது ஒரு பழிச்சொல் ஊரில் உலவும்போது, அதனை நம்புமுன் சான்று கேட்கும் பழக்கம் அவ்வினாக்களிலிருந்தே வளரும். கற்பனையில் ஒரு வைரத்தைத் தேடிப் பழகிய மாணவன், வாழ்க்கையில் ஒருவரைக் குற்றவாளி எனக் கூறுமுன் சற்றே தயங்குவானாயின், அவன் படித்த நேரம் வீணாயிற்று என எவரும் கூற இயலாது.